சுவர், பலகை, ஜெராக்ஸ்: தெருக் கலாசாரத்துக்கு ஓர் அறிமுகம்

கிராஃபிட்டிக்கும் ஸ்கேட்போர்டுக்கும் என்ன உறவு என்பது புதிதாகப் பார்ப்பவருக்குச் சட்டென விளங்காது. ஒருவர் ராத்திரியில் சுவரில் பெயின்ட் அடிக்கிறார். இன்னொருவர் சக்கரம் வைத்த பலகையோடு படிக்கட்டிலிருந்து குதித்து முட்டியைப் பெயர்த்துக்கொள்கிறார். மூன்றாமவர் தானே எழுதி வரைந்த சிற்றிதழை ஜெராக்ஸ் எடுத்து, ஸ்டேப்ளர் அடித்து, தெரிந்தவர்களுக்குக் கொடுக்கிறார். விசாரித்துப் பார்த்தால் மூவரும் ஒரே கூட்டத்து ஆட்களாக இருப்பார்கள். சில சமயம் மூவரும் ஒரே ஆளாகவே இருப்பார்.

இந்த உலகத்துக்குள் நுழைய எனக்குத் தெரிந்த நல்ல வழி ஒரு கேள்விதான்: இதை யார் பார்க்க வேண்டும் என்று செய்தார்கள்? பெரும்பாலும் பதில், இதையே செய்கிற இன்னொருவர். வாங்குபவர், விமர்சகர், நடுவர், வழிப்போக்கர் எல்லாரும் அதற்கு அப்புறம்தான். சில எழுத்துகளை ஏன் படிக்கவே முடியவில்லை, ஒரே படிக்கட்டில் ஏன் திரும்பத் திரும்ப விழுந்து எழுகிறார்கள், பெரிய நிறுவனம் பணத்தோடு வந்தால் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதெல்லாம் இந்தப் பதிலை வைத்துக்கொண்டு பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

பெயர் எழுதுவதில் ஆரம்பித்தது

இன்று நாம் கிராஃபிட்டி என்று சொல்லும் வகை 1960களின் கடைசியில் அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியா நகரத்தில் உருவானது. டாரில் மெக்ரே என்ற பையன் சீர்திருத்தப் பள்ளியில் இருந்தபோது, சோள ரொட்டி வேண்டும் என்று சமையல்காரரை நச்சரித்து நச்சரித்து 'கார்ன்பிரெட்' என்ற பட்டப்பெயரை வாங்கிக்கொண்டான். வெளியே வந்த பிறகு, 1967 வாக்கில், தனக்குப் பிடித்த பெண்ணின் கண்ணில் பட வேண்டும் என்று அவள் போகிற வழியெல்லாம் தன் பெயரை எழுதி வைத்தான். பார்வையாளர் ஒரே ஒருத்திதான். ஆனால் மற்ற பையன்கள் அதைப் பார்த்துவிட்டுத் தங்கள் பெயரையும் எழுத ஆரம்பித்தார்கள். யார் பெயர் அதிக இடத்தில் இருக்கிறது என்ற போட்டி வந்தது. அந்தப் பெண்ணுக்கும் இந்தப் போட்டிக்கும் அதற்குமேல் சம்பந்தமில்லை.

நியூயார்க்கில் இதே கதை இன்னும் வேகமாக நடந்தது. 183-வது தெருவில் வசித்த கிரேக்க வம்சாவளிப் பையன் ஒருவன், நகரம் முழுக்கப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்தான். போகிற இடமெல்லாம் 'டாக்கி 183' என்று எழுதினான். 1971 ஜூலை 21 அன்று நியூயார்க் டைம்ஸ் அவனைப் பற்றிச் செய்தி போட்டது. அதற்கு முன்பும் எழுதியவர்கள் உண்டு. அந்தச் செய்திக்குப் பிறகு எழுத வந்த கூட்டம்தான் பெரிய கூட்டம்.

அடுத்து ரயில். சுவர் இருந்த இடத்திலேயே இருக்கும்; ரயில் பெட்டியில் எழுதினால் பெயர் ஊரைச் சுற்றும். பிராங்ஸ் பகுதியில் 149-வது தெரு, கிராண்ட் காங்கோர்ஸ் நிலையத்தில் ஒரு பெஞ்ச் இருந்தது. எழுதுகிறவர்கள் பள்ளி விட்டதும் அங்கே வந்து உட்கார்வார்கள். 2-ஆம் எண் ரயிலும் 5-ஆம் எண் ரயிலும் வந்து போகும். எந்தப் பெட்டியில் யார் எழுதியிருக்கிறார், கோடு சுத்தமாக வந்திருக்கிறதா, யாருடைய ஸ்டைலை யார் திருடியிருக்கிறார் என்று பேசித் தீர்ப்பார்கள். கையில் கறுப்பு அட்டை போட்ட நோட்டு இருக்கும். அதில் ஒருவர் மாற்றி ஒருவர் வரைந்து கொடுப்பார்கள். விமர்சனமும் பாடமும் அந்த பெஞ்சில்தான் நடந்தன. ரயிலில் இருந்த லட்சக்கணக்கான பயணிகள் பார்வையாளர் கணக்கில் வரவில்லை. அவர்களில் பலருக்கு அது தொல்லையாகத்தான் இருந்தது. அந்தத் தொல்லையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஜன்னலே தெரியாமல் பெயின்ட் அடித்த பெட்டியில் தினமும் வேலைக்குப் போவது ரசிக்கக்கூடிய விஷயமில்லை.

ரயில் கிராஃபிட்டி எப்படி முடிந்தது என்பதிலும் ஒரு பாடம் இருக்கிறது. 1984-ல் போக்குவரத்து நிர்வாகம் ஒரு திட்டத்தை ஆரம்பித்தது. சுத்தம் செய்த பெட்டியில் யாராவது மறுபடி எழுதினால், அதை அழிக்காமல் அந்தப் பெட்டியை ஓட்டக் கூடாது. ஆளைத் துரத்திப் பிடித்ததைவிட இது நன்றாகவே வேலை செய்தது. எழுதியது தண்டவாளத்துக்கு வரவே வராது என்றால், பெஞ்சில் உட்கார்ந்திருப்பவன் அதைப் பார்க்கப்போவதில்லை. அப்படியானால் எதற்காக எழுதுவது? 1989 மே 12 அன்று, எழுத்து இருந்த கடைசிப் பெட்டியும் போய்விட்டதாக நிர்வாகம் அறிவித்தது. அதற்குள் மார்த்தா கூப்பர், ஹென்றி சால்ஃபண்ட் என்ற இரண்டு புகைப்படக்காரர்கள் 1984-ல் வெளியிட்ட புத்தகம் ஐரோப்பா வரை போய்விட்டது. நியூயார்க்கையே பார்க்காத பையன்கள் அந்தப் படங்களைப் பார்த்து எழுத்துப் பழகினார்கள்.

ஒரு சுவரை எப்படிப் படிப்பது

மூன்று சொற்கள் தெரிந்தால் போதும். மார்க்கராலோ ஸ்பிரேயாலோ ஒரே வீச்சில் போடும் கையெழுத்து டேக். இரண்டு நிறத்தில், உப்பிய எழுத்துகளாகச் சில நிமிடத்தில் போடுவது த்ரோ-அப். பல நிறங்கள், நிழல், பின்னணி எல்லாம் சேர்த்து மணிக்கணக்கில் வரைவது பீஸ். பொதுவாக மக்களுக்குப் பீஸ் பிடிக்கும். டேக்கைக் கண்டால் ஆகாது. உள்ளே இருப்பவர்களோ ஒருவருடைய டேக்கை வைத்துத்தான் அவரை எடை போடுவார்கள். டேக் சரியாக வராதவர் பீஸ் போட்டால் மதிப்பு குறைவு. ஒரே கோட்டில் எழுத்தின் எலும்புக்கூடு முழுவதும் தெரிந்துவிடுகிறது, நிறத்தைக் காட்டி ஏமாற்ற முடியாது.

ஒரு டேக்கின் கிட்டே போய்ப் பாருங்கள். ஸ்பிரே டப்பாவைச் சுவருக்கு நெருக்கமாகப் பிடித்தால் கோடு மெல்லியதாக, ஓரம் கூர்மையாக வரும். தள்ளிப் பிடித்தால் கோடு அகலமாகி ஓரத்தில் தூசி மாதிரி புகையும். கை மெதுவாகப் போனால் பெயின்ட் வடியும். ஆகவே, ஓரம் கூர்மையாக இருந்து, வளைவில்கூட ஒரு சொட்டு வடியாமல் இருந்தால், எழுதியவர் டப்பாவை நெருக்கமாக வைத்து, வேகமாக, நடுங்காமல் எழுதியிருக்கிறார். எந்த எழுத்தில் கோடு ஆரம்பித்தது, எங்கே கையை எடுத்தார் என்பதையும் பெயின்டின் அடர்த்தியைப் பார்த்துச் சொல்லிவிடலாம். டப்பாவின் தலையில் பெயின்ட் பீய்ச்சும் மூடி, அதாவது 'கேப்', மாறினால் கோட்டின் அகலமும் மாறும். ஆரம்ப காலத்தில் அகலமான கோடு வேண்டும் என்பதற்காக, அடுப்பு துடைக்கும் ஸ்பிரே போன்ற வீட்டுச் சாமான்களின் மூடியைக் கழற்றிப் பெயின்ட் டப்பாவில் மாட்டினார்கள். இப்போது அதற்கென்றே விதவிதமான கேப்கள் விற்கின்றன.

சுவரில் ஒரு சட்டமும் உண்டு, எழுதப்படாத சட்டம். டேக்கின் மேல் த்ரோ-அப் போடலாம். த்ரோ-அப்பின் மேல் பீஸ் போடலாம். தலைகீழாகச் செய்தால் சண்டைக்குக் கூப்பிட்ட மாதிரி. மணிக்கணக்கில் வரைந்த ஓவியத்தின் குறுக்கே யாரோ ஒரு வரி கிறுக்கிவிட்டுப் போயிருந்தால், பெரும்பாலும் வந்தது சட்டம் தெரியாத புது ஆள், இல்லையென்றால் வேண்டுமென்றே வம்பிழுத்தவர். புது ஆளுக்கு 'டாய்' என்று பெயர். மரியாதையான சொல் இல்லை.

எழுத்துகளைப் பின்னிப் பிணைத்து, அம்புக்குறிகளைக் கோத்து எழுதும் பாணிக்கு வைல்ட்ஸ்டைல் என்று பெயர். வெளியாள் படிக்கவே முடியாது. முடியாமல் இருப்பதுதான் நோக்கம்.

தெரு ஓவியம் என்பது வேறு

கிராஃபிட்டியையும் தெரு ஓவியத்தையும் பலர் ஒன்றாகவே பேசுகிறார்கள். பார்வையாளர் யார் என்ற கேள்வியைக் கேட்டால் வித்தியாசம் தெரிந்துவிடும். தெரு ஓவியம் வழிப்போக்கரிடம் பேசுகிறது. அதனால் அதில் பெயரைவிட உருவம் முக்கியம், சட்டெனப் புரிவது முக்கியம்.

கீத் ஹேரிங் 1980களின் தொடக்கத்தில் நியூயார்க் சுரங்க ரயில் நிலையங்களில், விளம்பரம் காலியாகிக் கறுப்புத் தாள் ஒட்டிய பலகைகளில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தார். தவழும் குழந்தை, குரைக்கும் நாய், ஆடும் மனிதர்கள். இரண்டு நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த நிலையத்துக்குப் போய்விடுவார். பாரிஸில் 1981 முதல் பிளெக் லெ ராட் ஸ்டென்சிலில் எலிகளை அச்சடித்தார். அட்டையில் உருவத்தை முன்கூட்டியே வீட்டில் வெட்டிக்கொண்டு போனால், தெருவில் வேலை சில நொடிகள்தான். பின்னால் பிரிஸ்டலிலிருந்து வந்த பேங்க்ஸி பிடித்துக்கொண்டதும் இந்த வழியைத்தான். பாரிஸிலேயே 1998 முதல் இன்வேடர் என்பவர் பழைய வீடியோ கேம் உருவங்களைச் சின்னச் சின்ன ஓடுகளால் சுவரில் பதித்துவருகிறார்.

ஷெப்பர்ட் ஃபேரியின் கதை நம் விஷயத்துக்கு மிகவும் பொருந்தும். 1989-ல் அவர் ரோட் ஐலண்டில் கலைக் கல்லூரி மாணவர். ஒரு ஸ்கேட்போர்டு கடையில் வேலையும் பார்த்தார். நண்பருக்கு ஸ்டென்சில் வெட்டக் கற்றுக்கொடுக்க ஏதாவது ஒரு படம் வேண்டும் என்று செய்தித்தாளைப் புரட்டியபோது, ஆந்த்ரே தி ஜயன்ட் என்ற மல்யுத்த வீரரின் படம் கிடைத்தது. அதை வைத்து ஒரு ஸ்டிக்கர் அடித்தார். ஸ்கேட்டர்கள் கைமாற்றிக் கைமாற்றி அந்த ஸ்டிக்கரைப் பல ஊர்களுக்குக் கொண்டுபோனார்கள். அது என்ன, யாருடைய விளம்பரம் என்று வெளியே யாருக்கும் தெரியாது. உள்ளே இருந்தவர்களுக்கு அது ஒரு அடையாளம். 2008-ல் ஒபாமாவின் தேர்தல் நேரத்தில் உலகம் முழுக்கப் பரவிய சிவப்பு நீலச் சுவரொட்டியை வரைந்தவரும் இவரே. அதற்கு மூலமான புகைப்படம் தொடர்பாக அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தோடு வழக்கு வந்து, 2011-ல் சமரசத்தில் முடிந்தது.

ஒரு குதி, அதோடு நகரமே மாறியது

இனி பலகை. கலிஃபோர்னியாவில் கடலலையில் சறுக்கியவர்கள், அலை இல்லாத நாளில் தரையில் சறுக்கப் பார்த்ததில் பிறந்தது ஸ்கேட்போர்டு. ஆரம்பத்தில் களிமண் கலவைச் சக்கரங்கள்; ஒரு சின்னக் கல் பட்டாலே ஆள் குப்புற விழுவார். 1970களின் தொடக்கத்தில் ஃபிராங்க் நாஸ்வொர்த்தி யூரிதேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்த சக்கரங்களைக் கொண்டுவந்தார். அவை தரையைக் கவ்விப் பிடித்தன. 1976, 77-ல் கலிஃபோர்னியாவில் கடும் வறட்சி. வீடுகளில் நீச்சல் குளங்கள் காலியாகக் கிடந்தன. வேலி தாண்டிக் குதித்து, அந்த வளைந்த குளச் சுவர்களில் ஏறி இறங்கிப் பழகியது ஒரு தலைமுறை. பி.எம்.எக்ஸ். சைக்கிள் பிறந்ததும் அதே மாநிலத்தில், அதே காலத்தில்தான். மோட்டார் சைக்கிள் பந்தயத்தைப் பார்த்த சிறுவர்கள் மிதிவண்டியில் அதை நடித்துப் பார்த்ததில் வந்தது அது.

ஆனால் தெருவுக்கு வழி திறந்தது 'ஆலி'. கையால் தொடாமல் பலகையோடு எம்புவது. 1970களின் கடைசியில் ஃபுளோரிடாவில் ஆலன் கெல்ஃபண்ட் இதை வளைந்த சுவர்களில் செய்தார். 1980களின் தொடக்கத்தில் ராட்னி மல்லன் சமதரையில் செய்யக் கண்டுபிடித்தார். பார்ப்பவருக்குப் பலகை காலில் ஒட்டிக்கொண்டு வருவதுபோலத் தெரியும். ஒட்டவில்லை. பின்காலால் பலகையின் வாலைத் தரையில் படீரென அடிக்க வேண்டும்; மூக்கு மேலே எழும்பும். அதே கணத்தில் குதிக்க வேண்டும். முன்காலைப் பக்கவாட்டில் சாய்த்து, ஷூவின் ஓரத்தால் பலகையின் மேல்பரப்பை உரசிக்கொண்டே முன்னோக்கி இழுக்க வேண்டும். பலகையின் மேல் உப்புத்தாள் ஒட்டியிருப்பதால் அந்த உரசலே பலகையை மேலே இழுக்கும். மூக்கை முன்னால் தள்ளியதும் வால் எழுந்து பலகை காற்றில் மட்டமாகும். அப்புறம் நான்கு சக்கரமும் ஒன்றாக இறங்க வேண்டும். ஸ்கேட்டர்களின் ஷூவில் சுண்டுவிரல் பக்கம் மட்டும் ஓட்டை விழுந்திருப்பது இதனால்தான்.

எம்பத் தெரிந்ததும் நகரத்தின் அர்த்தமே மாறிவிட்டது. நடைபாதை விளிம்பு, பெஞ்ச், கைப்பிடிக் கம்பி, படிக்கட்டு எல்லாம் ஏறிச் சறுக்கும் பொருள்களாயின. சிமென்ட் திண்டின் விளிம்பில் கறுப்பாக, வழவழவென்று ஒரு பட்டை தெரிந்தால், யாரோ மெழுகு தேய்த்துச் சறுக்கியிருக்கிறார்கள். அந்த விளிம்பில் சீரான இடைவெளியில் உலோகக் குமிழ்கள் அறைந்திருந்தால், கட்டிடத்துக்காரர் பதில் சொல்லிவிட்டார் என்று அர்த்தம். திண்டு உடைவதும் சத்தமும் அவர்களுக்கு நிஜமான தலைவலி.

இங்கேயும் நடுவர்கள் சக ஸ்கேட்டர்களே. அவர்களிடம் 'ஏ.பி.டி.' என்று ஒரு சொல் உண்டு; 'ஆல்ரெடி பீன் டன்', அதாவது ஏற்கெனவே செய்தாயிற்று என்பதன் சுருக்கம். ஒரு குறிப்பிட்ட படிக்கட்டில் ஒரு குறிப்பிட்ட வித்தையை ஏற்கெனவே ஒருவர் செய்து படமெடுத்துவிட்டார் என்றால், அதே இடத்தில் அதையே நீங்கள் செய்தாலும் புதிதாகக் கணக்கில் வராது. வேறு வித்தை செய்ய வேண்டும், அல்லது வேறு இடம் தேட வேண்டும். எந்த ஊரின் எந்தப் படிக்கட்டில் யார் என்ன செய்தார் என்ற வரலாறு அவர்கள் தலையில் பதிவாகியிருக்கும். மூன்று நான்கு நிமிட வீடியோவுக்காக வருடக்கணக்கில் விழுந்து எழுவதும் இந்தப் பதிவேட்டில் இடம்பிடிக்கத்தான். செய்து முடித்தது மட்டும் போதாது. கை அலைபாய்ந்ததா, இறங்கியதும் தடுமாறினாரா, எவ்வளவு வேகத்தில் வந்தார் என்று பார்ப்பார்கள். ஸ்டைல் என்று அவர்கள் சொல்வதற்கும், டேக் எழுதுபவர் ஸ்டைல் என்று சொல்வதற்கும் பெரிய வேறுபாடு இல்லை.

பலகையின் அடிப்பக்க ஓவியத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஏழு அடுக்கு மேப்பிள் மரத்தை ஒட்டி அழுத்திச் செய்வது பலகை. அதன் அடியில் அச்சடித்த படம், கம்பியில் சறுக்கச் சறுக்கத் தேய்ந்து போகும். ஜிம் பிலிப்ஸ் 1985-ல் சான்டா குரூஸ் நிறுவனத்துக்கு வரைந்த, உள்ளங்கையில் வாய் பிளந்து அலறும் நீலக் கை உலகப் புகழ் பெற்றது. அதை வாங்கியவர்களில் ஒழுங்காகச் சறுக்கியவர் எவரிடமும் அது முழுசாக இருந்திருக்காது. தேய்ந்த பலகைக்குத்தான் மரியாதை. சுவரில் மாட்டுவதற்கென்றே பலகை வாங்குபவர்களும் இப்போது இருக்கிறார்கள், அது அவரவர் விருப்பம்.

மார்க் கொன்சாலெஸ், எட் டெம்பிள்டன் போன்றவர்கள் தொழில்முறை ஸ்கேட்டர்களாகவும் ஓவியர்களாகவும் ஒரே நேரத்தில் இருந்தார்கள். டெம்பிள்டன் 1993-ல் சொந்தப் பலகை நிறுவனம் தொடங்கி, அதற்கான படங்களைத் தானே வரைந்தார். ஸ்கேட்டர் நடத்தும் நிறுவனம், ஸ்கேட்டர் எடுக்கும் படம், ஸ்கேட்டர் எழுதும் பத்திரிகை: இந்த வட்டத்துக்கு வெளியாள் அதிகம் தேவைப்படவில்லை.

அனுமதி கேட்காமல் கட்டியவர்கள்

சுயாதீனம் என்று பெரிய சொல்லாகச் சொல்வதை நடைமுறையில் காண 1990-ஐப் பார்க்கலாம். ஓரிகன் மாநிலம் போர்ட்லாந்து நகரம், பர்ன்சைடு பாலத்தின் கீழ்ப்புறம். மழை பெய்தாலும் நனையாத இடம், ஆனால் குப்பையும் ஊசிகளும் கிடந்த இடம். சில ஸ்கேட்டர்கள் பாலத்தின் சுவர் அடியில் கான்கிரீட்டைச் சாய்வாகக் கொட்டிப் பூசினார்கள். அனுமதி எதுவும் இல்லை. நன்றாக வந்ததும் இன்னொரு சாய்வு, அப்புறம் இன்னொன்று. கான்கிரீட் பூசுவதை அங்கேயே கற்றுக்கொண்டார்கள். பக்கத்துத் தொழிற்கூடக்காரர்கள் இடம் சுத்தமாவதைப் பார்த்து ஆதரவு தந்தார்கள். நகர நிர்வாகமும் பிறகு ஏற்றுக்கொண்டது. அங்கே கை பழகியவர்கள் சிலர் பின்னால் ஸ்கேட் செய்வதற்கான பூங்கா கட்டுவதையே தொழிலாக்கிக்கொண்டார்கள்.

இசையிலும் இதே வழிதான். வாஷிங்டனில் 1980-ல், ஸ்கேட் செய்துகொண்டிருந்த பையன் இயன் மெக்கே, நண்பரோடு சேர்ந்து டிஸ்கார்ட் என்ற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். தங்கள் குழுவின் பாட்டை வேறு யாரும் வெளியிடப்போவதில்லை என்று தெரிந்ததால் தாங்களே வெளியிட்டார்கள். தட்டு உறை எப்படிச் செய்வது? கையில் இருந்த ஓர் உறையைப் பிரித்துப் போட்டு, அதை அளவாக வைத்து அச்சடித்து, கத்தரிக்கோலால் வெட்டி, மடித்து, பசை தடவி ஒட்டினார்கள். தெரியாததைப் பிரித்துப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் இந்தப் பழக்கம்தான் ஸ்டென்சிலிலும் கான்கிரீட்டிலும் ஃபேன்சீன் என்ற ஜெராக்ஸ் சிற்றிதழிலும் ஒருபோல இருப்பது.

ஃபிலடெல்ஃபியாவின் திண்டுகள்

நகரமும் இவர்களும் மோதினால் என்ன நடக்கும் என்பதற்கு மறுபடி ஃபிலடெல்ஃபியாவுக்கே போகலாம். நகராட்சிக் கட்டிடத்துக்கு எதிரே 1965-ல் திறந்த சதுக்கம் ஒன்று, அங்கே இருந்த 'லவ்' என்ற எழுத்துச் சிலையால் லவ் பார்க் என்று பெயர் பெற்றது. நீளமான கிரானைட் திண்டுகள், அகலப் படிகள், வழவழப்பான தரை. 1990களில் உலகின் பெயர்பெற்ற ஸ்கேட் இடங்களில் அது ஒன்று. நகர நிர்வாகம் அங்கே ஸ்கேட்டிங்கைத் தடை செய்தது. அதே நிர்வாகம் 2001-லும் 2002-லும் ஸ்கேட்போர்டு, பி.எம்.எக்ஸ். போன்ற சாகச விளையாட்டுகளுக்கான எக்ஸ் கேம்ஸ் போட்டியை நகரத்துக்கு வரவேற்றது. தொலைக்காட்சிக்கு வந்தால் பெருமை, சதுக்கத்தில் செய்தால் அபராதம்.

2002 அக்டோபரில் எட்மண்ட் பேக்கன் அந்தச் சதுக்கத்துக்கு வந்தார். நகரத்தின் திட்டமிடலை நீண்ட காலம் நடத்தியவர், அந்தச் சதுக்கமே அவர் மாணவப் பருவத்தில் கண்ட யோசனை. வயது 92. இருபுறமும் ஆட்கள் பிடித்துக்கொள்ள, ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, தடையை எதிர்த்துப் பலகையில் ஏறி உருண்டார். தன் சதுக்கத்துக்கு இப்படி ஒரு பயன் இருக்கிறது என்று அவர் நினைத்திருக்க மாட்டார்; ஆனால் பார்த்ததும் பிடித்துப்போயிற்று. தடை நீங்கவில்லை. 2004-ல் ஒரு ஷூ நிறுவனம் 10 லட்சம் டாலர் தர முன்வந்தும் நீங்கவில்லை. 2016-ல் சதுக்கத்தை மாற்றிக் கட்டுவதற்கு முன், பிப்ரவரி மாதக் குளிரில் சில நாட்கள் மட்டும் ஸ்கேட் செய்ய விட்டார்கள். பழைய கிரானைட்டில் ஒரு பகுதி கப்பலேறி, ஸ்கேட்டர்களை வரவேற்கும் சுவீடனின் மால்மோ நகரத்துக்குப் போனது.

லண்டனில் முடிவு வேறு மாதிரி. சவுத்பேங்க் கலை வளாகத்தின் அடித்தளத்தில் 1970களிலிருந்து ஸ்கேட் செய்கிறார்கள். 2013-ல் அதைக் கடைகளாக மாற்றத் திட்டம் வந்தது. பெரிய மக்கள் இயக்கத்துக்குப் பிறகு 2014-ல் அந்த இடம் காப்பாற்றப்பட்டது.

பணம் வரும்போது

சுவர்ச் சட்டத்துக்கும் நீதிமன்றச் சட்டத்துக்கும் நடந்த மோதல்களில் முக்கியமானது நியூயார்க் குவீன்ஸ் பகுதியின் 5பாயின்ட்ஸ். பழைய தொழிற்சாலைக் கட்டிடம். உரிமையாளரின் அனுமதியோடு ஆண்டுக்கணக்கில் வரைந்தார்கள். 2013 நவம்பரில், ஒரே இரவில், இடிப்பதற்கு முன்பே எல்லா ஓவியங்களின் மேலும் வெள்ளை அடிக்கப்பட்டது. காட்சிக்கலைஞர்களின் உரிமை பற்றிய 1990-ஆம் ஆண்டுச் சட்டத்தை வைத்து 21 கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 45 ஓவியங்களுக்கு ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை லட்சம் டாலர் என்று, மொத்தம் 67.5 லட்சம் டாலர் கொடுக்க 2018-ல் தீர்ப்பு வந்தது, மேல்முறையீட்டிலும் நின்றது. ஸ்பிரே பெயின்ட் ஓவியத்தையும் மதிப்புள்ள கலை என்று நீதிமன்றம் ஒப்புக்கொண்டது பெரிய விஷயம்.

ஏலக்கூடம் இன்னொரு பக்கம். 2018 அக்டோபரில் பேங்க்ஸியின் படம் ஒன்று லண்டனில் 10 லட்சம் பவுண்டுக்குச் சற்று மேல் விலைபோன அடுத்த நொடி, சட்டகத்துக்குள் ஒளித்திருந்த இயந்திரம் அதைப் பாதி வரை கிழித்தது. கிழிந்த அதே படம் 2021-ல் சுமார் 1.86 கோடி பவுண்டுக்குப் போனது. சந்தையைக் கேலி செய்தாலும் அந்தக் கேலிக்கும் சந்தை விலை போட்டுவிடும்.

ஸ்கேட்போர்டிங் 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் முதல் முறையாக இடம்பெற்றது. நடுவர்கள், மதிப்பெண், தேசியக் கொடி. இது நம் விளையாட்டே இல்லை என்று பழைய ஆட்கள் பலர் முணுமுணுத்தார்கள். பெண்களுக்கான ஸ்கேட் பூங்காப் பிரிவின் இறுதிச் சுற்றில் ஜப்பானின் மிசுகு ஒகமோட்டோ கடைசி முயற்சியில் விழுந்தார், நான்காவது இடம். பாதுகாப்பாகச் செய்து பதக்கம் வாங்கியிருக்கலாம், கடினமானதை முயன்றார். அழுதுகொண்டு வந்தவரைப் போட்டியாளர்களே தோளில் தூக்கிக் கொண்டாடினார்கள். மதிப்பெண் பலகை வேறு, இவர்கள் கணக்கு வேறு.

ஆரம்பிக்க ஆசையிருந்தால்

எழுத்தில் ஆசை என்றால் முதலில் நோட்டு. நான்கைந்து எழுத்துள்ள ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்து, நேர் எழுத்தாகத் திரும்பத் திரும்ப எழுதுங்கள். அம்புக்குறியும் பின்னலும் அப்புறம். சுவர் வேண்டுமென்றால் அனுமதி உள்ள சுவர். அடுத்தவர் வீட்டுச் சுவரில் எழுதுவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். சட்டம் ஒரு காரணம், வெள்ளை அடிக்கப்போவது அந்த வீட்டுக்காரர் என்பது பெரிய காரணம். ஸ்பிரே அடிக்கும்போது முகக் கவசம் கட்டாயம்.

பலகையில் ஆசை என்றால் ஆலிக்கு அவசரப்படாதீர்கள். தள்ளி ஓட்டவும், திரும்பவும், நிறுத்தவும் கால் பழகட்டும். எப்படி விழுவது என்பதும் ஒரு பாடம். கையை ஊன்றினால் மணிக்கட்டு போகும், தோளைச் சுருட்டி உருண்டு விழப் பழக வேண்டும். ஹெல்மெட் போடுங்கள், 92 வயதுக்காரரே போட்டார்.

இரண்டும் வேண்டாம், செலவில்லாமல் இன்றே ஏதாவது செய்ய வேண்டும் என்றால் சிற்றிதழ். ஒரு ஏ4 தாளை மூன்று முறை பாதி பாதியாக மடித்துப் பிரியுங்கள். எட்டுக் கட்டம் விழும். அகலவாக்கில் மறுபடி பாதியாக மடித்து, மடிப்புப் பக்கத்திலிருந்து நடுக் கோட்டில் ஒரு கட்ட நீளத்துக்கு மட்டும் வெட்டுங்கள். பிரித்தால் தாளின் நடுவில் ஒரு கீறல் இருக்கும். இப்போது நீளவாக்கில் மடித்து இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் கீறல் விரிந்து, தாள் எட்டுப் பக்கப் புத்தகமாக மடங்கும். ஸ்டேப்ளர்கூட வேண்டாம். ஒன்று மட்டும் கவனம்: பக்க எண்ணை மடித்த பிறகு பென்சிலால் போட்டு, அதைப் பிரித்து எந்தக் கட்டம் தலைகீழாக வருகிறது என்று பார்த்த பிறகே வரைய ஆரம்பியுங்கள். எட்டில் நான்கு கட்டங்கள் தலைகீழாகத்தான் வரும்.